தனியாக ஆட ஒரு எதிராளி: பகடை, நோட்டு, நாலு பட்டன்

மேசை விளையாட்டு எதை எடுத்தாலும் முதலில் வருகிற கேள்வி "யார் கூட ஆடுறது?" என்பதுதான். கேரமுக்கு நாலு பேர், சதுரங்கத்துக்கு இரண்டு பேர், தாயத்துக்கு வீடு முழுக்க ஆள். ஆள் சேரவில்லை என்றால் பலகை பரணுக்குப் போய்விடும். அடுத்த கேள்வி "எவ்வளவு செலவாகும்?". மினியேச்சர் பொம்மைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுகள், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி பாத்திரம் ஏற்று ஆடும் கதை விளையாட்டுகள் பக்கம் ஒருவர் எட்டிப் பார்த்தால் இந்த இரண்டு கேள்வியிலேயே பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். வாரா வாரம் கூடுகிற நண்பர் வட்டம் வேண்டும், கெட்டி அட்டைப் புத்தகங்கள் வேண்டும், பெயிண்ட் அடித்த பொம்மைகள் வேண்டும் என்றுதான் வெளியிலிருந்து பார்க்கத் தோன்றும்.

சில வருடங்களாக ராத்திரி வேளைகளில் இவற்றைத் தனியாக ஆடியும், பழைய விதிப் புத்தகங்களைப் படித்தும் சேர்த்த குறிப்புகள் இவை. சுருக்கமாகச் சொன்னால், பணம் இதில் பெரிய தடையே கிடையாது. வீட்டில் இருக்கிற சாமானே போதும். உண்மையான சிக்கல் வேறு. எதிரே ஆள் இல்லாதபோது உங்களுக்குத் தெரியாத ஒன்றை யார் முடிவு செய்வது? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருக்கிற விளையாட்டு நல்ல தனியாட்டம். மற்றதெல்லாம் அலங்காரம்.

சீதைப்பாண்டி காட்டும் பாடம்

பல்லாங்குழியில் ஒரே ஆள் ஆடுகிற வகை ஒன்று உண்டு. சீதைப்பாண்டி என்பார்கள். அசோகவனத்தில் சீதை தனியாக இருந்தபோது ஆடியது என்று கதை. அதன் கணக்கைப் புரிந்துகொள்ள ஏழு குழிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கிண்ணம் வைத்தாலும் சரி. முதல் குழியில் ஏழு காய், அடுத்ததில் ஆறு, பிறகு ஐந்து, நான்கு என்று கடைசிக் குழியில் ஒன்று. முதல் குழியின் ஏழு காயையும் அள்ளி, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்து, சுற்றி வந்து முதல் குழியில் முடியுங்கள். இப்போது பாருங்கள்: முதல் குழியில் ஒன்று, இரண்டாவதில் ஏழு, மூன்றாவதில் ஆறு... அதே வரிசை, ஒரு குழி தள்ளி நிற்கிறது. இப்போது ஏழு இருக்கிற குழியை அள்ளிப் போட்டால் இன்னொரு குழி தள்ளும். ஏழு முறை ஆடினால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும்.

கைக்கு வேலை, மனசுக்கு அமைதி. ஆனால் ஆட்டம் எங்கே போய் முடியும் என்பது முதல் காயைப் போடும் முன்பே முடிவாகிவிட்டது. காத்திருப்பவளுக்குப் பொருத்தமான விளையாட்டுதான். நாம் இங்கே தேடுவது வேறு வகை: தனியாக ஆட வேண்டும், ஆனாலும் அடுத்து என்ன நடக்கும் என்று நமக்கே தெரியக் கூடாது.

சதுரங்கத்தில் இரண்டு பக்கமும் நாமே ஆடிப் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். வெள்ளைக்கு ஒரு கண்ணி யோசித்தால் கறுப்புக்கும் அது தெரிந்துவிடுகிறது. ரகசியம் வைக்க இடமே இல்லை.

நடுவர் எங்கிருந்து வந்தார்

இந்த விளையாட்டுகளில் ரகசியத்தைக் காக்க ஒரு ஆள் இருப்பது பழைய வழக்கம். 1824இல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், தன் தந்தை உருவாக்கிய போர் விளையாட்டைத் திருத்தி விதிகளாக வெளியிட்டார். கிரீக்‌ஸ்பீல் என்று பெயர். வரைபடத்தின் மேல் படைக் கட்டைகளை நகர்த்துவார்கள். எதிரிப்படை எங்கே இருக்கிறது, எது கண்ணுக்குத் தெரியும், எது தெரியாது என்பதை நடுவர் ஒருவர் வைத்துக்கொள்வார். அடிதடியின் முடிவைப் பகடை சொல்லும். 1913இல் எச்.ஜி. வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகத்தில் தரையில் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் விதிகளை எழுதினார். அங்கே பொம்மைப் பீரங்கியால் நிஜமாகவே சுட்டு வீழ்த்த வேண்டும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது, போர் விளையாட்டின் நடுவர் கதை சொல்லியாக மாறினார். பாதாளச் சுரங்கத்தின் வரைபடம் அவரிடம் இருக்கும். மற்றவர்கள் "கதவைத் திறக்கிறேன்" என்பார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் சொல்வார்.

ஆக, தனியாக ஆட வேண்டும் என்றால் இந்த நடுவரின் நாற்காலியில் எதையாவது உட்கார வைக்க வேண்டும். இதுவரை நான் பார்த்த அளவில் நான்கு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி: புத்தகமே நடுவர்

1975இல் கென் செயின்ட் ஆண்ட்ரே, 'டனல்ஸ் அண்ட் டிரோல்ஸ்' என்ற எளிமையான விளையாட்டை எழுதினார். அதற்காக 1976இல் ரிக் லூமிஸ் எழுதிய 'பஃபலோ காசில்' தனியாள் ஆடுவதற்கென்றே வந்த சாகசப் புத்தகம். பத்திகளுக்கு எண் போட்டிருக்கும். இடப்பக்கக் கதவைத் திறந்தால் இந்தப் பத்திக்குப் போ, வலப்பக்கம் என்றால் அந்தப் பத்திக்குப் போ. முடிவுகள் ஏற்கெனவே அச்சாகி இருக்கின்றன. ஆனால் நீங்கள் அவற்றை இன்னும் படிக்கவில்லை. ரகசியம் காப்பாற்றப்பட்டது.

இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது 1982இல் ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் எழுதிய 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுன்டன்'. நானூறு பத்திகள், இரண்டு பகடை, ஒரு பென்சில். உங்கள் ஆளுக்குத் திறமை, உடல்வலு, அதிர்ஷ்டம் என்று மூன்றே எண்கள். சண்டை வந்தால் இரண்டு பகடை உருட்டித் திறமையைக் கூட்டு, எதிரிக்கும் அப்படியே. யார் எண் அதிகமோ அவர் அடித்தார், மற்றவருக்கு உடல்வலுவில் இரண்டு போச்சு. அவ்வளவுதான் விதி.

இந்த வழியின் குறை வெளிப்படை. ஒரு முறை முழுதாகத் தெரிந்துவிட்டால் புத்தகம் தீர்ந்தது. ஆனால் முதல் முறை ஆடுகிறவருக்கு இதைவிடச் சுலபமான வாசல் வேறு கிடையாது.

இரண்டாம் வழி: அட்டவணை

பத்தியை எழுதி வைப்பதற்குப் பதிலாக, பத்தியை உண்டாக்குகிற இயந்திரத்தை எழுதி வைக்கலாம். 1975இல் 'தி ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூ' இதழின் முதல் எண்ணிலேயே கைகாக்ஸ் தனியாக டன்ஜனுக்குள் போவதற்கான அட்டவணைகளை வெளியிட்டுவிட்டார். அதாவது, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்த மறு வருடமே "எனக்கு ஆள் கிடைக்கலையே" என்கிறவர்களுக்கும் பதில் வந்துவிட்டது. கதவுக்கு அப்பால் என்ன? பகடை உருட்டு: வளைவு. அடுத்து? உருட்டு: அறை. அறைக்குள்? உருட்டு.

இந்த வழியில் இன்று கைக்கு அடக்கமாக இருப்பது இத்தாலியரான ஆண்ட்ரேயா ஸ்ஃபிலிகோயி 2016இல் எழுதிய 'ஃபோர் அகெய்ன்ஸ்ட் டார்க்னஸ்'. வேண்டியது கிராஃப் நோட்டு, பென்சில், ஆறு முகப் பகடை. நான்கு வீரர்களைத் தேர்ந்தெடுத்துச் சுரங்கத்துக்குள் அனுப்புகிறீர்கள். அறையின் வடிவத்துக்கு இரண்டு பகடை: ஒன்று பத்தாம் இடம், ஒன்று ஒன்றாம் இடம். 11 முதல் 66 வரை மொத்தம் 36 வடிவங்கள். அறைக்குள் இருப்பதற்கு இரண்டு பகடையின் கூட்டுத்தொகை. நோட்டில் கட்டம் கட்டமாகச் சுரங்கம் வளரும்.

இங்கே ஒரு நுணுக்கம். இரண்டு பகடையைப் பத்தும் ஒன்றுமாகப் படித்தால் எல்லா விடைக்கும் சம வாய்ப்பு, 36இல் ஒன்று. கூட்டிப் படித்தால் அப்படி இல்லை. ஏழு விழ 36இல் 6 வாய்ப்பு, பன்னிரண்டு விழ ஒன்றே ஒன்று. அதனால் சாதாரணமாக நடப்பவற்றை ஆறு, ஏழு, எட்டுக்குப் பக்கத்திலும், அபூர்வமானவற்றை இரண்டிலும் பன்னிரண்டிலும் வைப்பார்கள். நீங்களே அட்டவணை எழுதும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டால், எழுதியது உடனே ஒரு நிஜ இடம் மாதிரி நடந்துகொள்ளும். தினமும் டிராகன் வராது. ஆனால் வராமலும் இருக்காது.

மூன்றாம் வழி: எதிரிக்கு ஒரு பழக்கம்

பொம்மைப் படை ஆடுபவர்களின் சிக்கல் கொஞ்சம் வேறு. அங்கே எல்லாம் மேசை மேல் கண்ணெதிரே இருக்கிறது. தெரியாதது எதிரியின் எண்ணம் மட்டும்தான். பிரிட்டனில் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1973இலேயே 'சோலோ வார்கேமிங்' என்று ஒரு முழுப் புத்தகம் எழுதினார். தனியாகப் போர் விளையாட்டு ஆடுவது அந்த அளவுக்குப் பழைய பழக்கம். எளிமையான உத்தி ஒன்று உண்டு. எதிரித் தளபதியாக உங்களை நினைத்து நியாயமான மூன்று திட்டங்கள் எழுதுங்கள். பகடை உருட்டி ஒன்றை எடுங்கள். இப்போது எதிரி முட்டாளும் இல்லை, உங்கள் கைப்பாவையும் இல்லை.

இன்னொன்று, எதிரிக்கு ஒரு பழக்கவரிசை கொடுப்பது. ஜோசப் மெக்கல்லாவின் 'ரேஞ்சர்ஸ் ஆஃப் ஷேடோ டீப்' (2018) தனியாகவோ ஒரே அணியாகச் சேர்ந்தோ ஆடுவதற்கென்று எழுதப்பட்டது. அதில் பிசாசுகளுக்கு இப்படி ஒரு வரிசை: கைகலப்பில் இருந்தால் சண்டை போடு, வில் இருந்து ஆள் தெரிந்தால் எய், ஆள் தெரிந்தால் அருகில் இருப்பவரை நோக்கி நட, யாரும் தெரியாவிட்டால் திரி. இதைப் படிக்கும்போது ரொம்ப மொக்கையாகத் தெரியும். மேசையில் அப்படி இல்லை. நாலு பக்கமும் ஆறு பிசாசு இந்த மொக்கை விதியோடு வரும்போது உங்கள் மூன்று பேரும் திணறிப் போவார்கள்.

மூன்றாவது உத்திதான் எனக்குப் பிடித்தது. ஸ்ஃபிலிகோயியின் 2007 விளையாட்டு 'சாங் ஆஃப் பிளேட்ஸ் அண்ட் ஹீரோஸ்'. ஒரு வீரனை இயக்க நீங்கள் ஒன்று, இரண்டு அல்லது மூன்று பகடை உருட்டலாம். எத்தனை என்பது உங்கள் விருப்பம். ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு செயல். ஆனால் இரண்டு பகடை தோற்றால் முறை எதிரிக்குப் போய்விடும். 4 அல்லது மேல் விழ வேண்டிய சாதாரண வீரன் என்று வையுங்கள். ஒரு பகடை என்றால் முறை பறிபோகும் பயமே இல்லை. இரண்டு என்றால் நாலில் ஒரு வாய்ப்பு. மூன்று என்றால் சரிபாதி. பேராசை எவ்வளவு, அபாயம் எவ்வளவு என்று ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட வைக்கிறது. இரண்டு பக்கமும் நீங்களே ஆடினாலும் யாருடைய முறை எப்போது முடியும் என்று உங்களுக்கே தெரியாது. சதுரங்கத்தில் கிடைக்காத ரகசியம் இங்கே கிடைத்துவிடுகிறது.

நான்காம் வழி: பூக்கட்டிப் பார்ப்பது

கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். மனசில் ஒரு கேள்வி, குழந்தை கையால் ஒன்றை எடுக்கச் சொல்வது. ஆம் அல்லது இல்லை. தனியாள் கதை விளையாட்டுகளின் இதயம் கிட்டத்தட்ட இதுதான். அவர்கள் இதை 'ஆரக்கிள்' என்கிறார்கள்.

'மிதிக்' என்ற விளையாட்டு 2003இல் வந்தது. அதிலிருந்து நடுவருக்கு மாற்றான பகுதியை மட்டும் பிரித்து 2006இல் தனிப் புத்தகமாகப் போட்டார்கள். எந்தக் கதை விளையாட்டோடும் இதைச் சேர்த்து ஆடலாம். "காவல்காரன் தூங்குகிறானா?" என்று கேட்கிறீர்கள். அது எவ்வளவு சாத்தியம் என்று நீங்களே மதிப்பிடுகிறீர்கள். பகடை பதில் சொல்கிறது. கூடவே குழப்ப அளவு என்று 1 முதல் 9 வரை ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். காட்சி கைமீறிப் போனால் அது ஏறும். ஒவ்வொரு காட்சித் தொடக்கத்திலும் பத்து முகப் பகடை உருட்டி, அந்த எண்ணுக்குள் விழுந்தால் நீங்கள் எதிர்பார்த்த காட்சி நடக்காது. மாறிப் போகும், அல்லது வேறு ஏதோ குறுக்கே வரும்.

2018இல் ஷான் டாம்கின் எழுதிய 'அயர்ன்ஸ்வார்ன்' இதை விளையாட்டின் உள்ளேயே பின்னிவிட்டது. பிடிஎஃப் இலவசம். ஏதாவது ஆபத்தான காரியம் செய்யும்போது ஆறு முகப் பகடை ஒன்றை உருட்டி உங்கள் திறனைக் கூட்டுங்கள். எதிரே பத்து முகப் பகடை இரண்டு. இரண்டையும் மிஞ்சினால் முழு வெற்றி. ஒன்றை மட்டும் மிஞ்சினால் அரை வெற்றி: காரியம் ஆகும், ஆனால் விலை கொடுக்க வேண்டும். இரண்டும் மிஞ்சவில்லை என்றால் தோல்வி. திறன் 2 இருக்கிறவருக்குக் கணக்குப் போட்டேன். முழு வெற்றி சுமார் 23 சதவீதம், அரை வெற்றி சுமார் 44, தோல்வி சுமார் 33. ஆக அதிகம் நடப்பது 'ஆச்சு, ஆனா...' என்பதுதான். கதை நகர்வதே அந்த 'ஆனா'வில்தான். முழு வெற்றி கதையை முடிக்கும், அரை வெற்றி அடுத்த பக்கத்தைத் திறக்கும்.

புத்தகம் எதுவும் இல்லாமல் ஒரே ஒரு பகடையில் ஆரக்கிள் வேண்டுமா? இது போதும்:

1 – இல்லை, அதோடு இன்னொரு கெட்டதும்
2 – இல்லை
3 – இல்லை, ஆனால் ஒரு நல்லது
4 – ஆம், ஆனால் ஒரு சிக்கல்
5 – ஆம்
6 – ஆம், அதோடு இன்னொரு நல்லதும்

நடக்க வாய்ப்பு அதிகம் என்று தோன்றினால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுங்கள். 'ஆம்' பக்கம் விழும் வாய்ப்பு 50 சதவீதத்திலிருந்து 75 ஆகும். வாய்ப்பு கம்மி என்றால் சின்னதை எடுங்கள், 25 ஆகும்.

சாமான் செலவு

பொம்மைகளைப் பற்றி இப்போது சொல்லலாம். மேலே சொன்ன போர் விளையாட்டுகளில் 'சாங் ஆஃப் பிளேட்ஸ்' உங்களிடம் எந்தப் பொம்மை இருக்கிறதோ அதை வைத்து ஆடச் சொல்கிறது. நீல் தாமஸின் 'ஒன் அவர் வார்கேம்ஸ்' (2014) மூன்றடிக்கு மூன்றடி மேசை, பக்கத்துக்கு ஆறு படைப்பிரிவு என்று சுருக்கிவிட்டது. பக்கத்துக்கு ஆறு தீப்பெட்டி போதும்.

என் வரிசை இது. முதலில் தையல்காரரிடம் கிடைக்கும் பட்டன். வெள்ளை நம்மாள், கறுப்பு எதிரி. நிற்கிற உருவம் வேண்டும் என்றால் காகிதம். கெட்டி அட்டையை ஒரு விரல் அகலத்தில் வெட்டி, மடித்து, முன்னும் பின்னும் வரைந்து நிறுத்தலாம். வழக்கமான மினியேச்சர் பொம்மைகளின் அடித்தட்டு 25 மில்லிமீட்டர். 2011இல் வந்த வரிசையின் இரண்டு ரூபாய் நாணயமும் அதே அகலம். ஒட்டினால் காற்றில் சாயாது. வரைய வராது என்பவர்களுக்கு அச்சிட்டு வெட்டிக்கொள்ளும் உருவங்கள் இருக்கின்றன. பிரிட்டிஷ் ஓவியர் பீட்டர் டென்னிஸ் காகிதப் படைகளுக்கென்றே ஒரு புத்தக வரிசை செய்திருக்கிறார். 'ஒன் பேஜ் ரூல்ஸ்' என்ற குழு பெயருக்கேற்றபடி சில பக்க விதிகளை இலவசமாகவே தருகிறது.

விசித்திரப் பகடைகளும் வாங்க வேண்டியதில்லை. தாயக்கட்டை ஒன்றே நான்கு முகப் பகடைதான். பத்து முகத்துக்குச் சீட்டுக்கட்டு: ராஜா, ராணி, ஜாக்கியை எடுத்துவிட்டால் ஏஸ் முதல் பத்து வரை நாற்பது சீட்டு. சிவப்பு ஒரு கட்டு, கறுப்பு ஒரு கட்டு என்று பிரித்தால் அயர்ன்ஸ்வார்னுக்கு வேண்டிய இரண்டு பகடையும் கிடைத்தாச்சு. எடுத்த சீட்டைத் திரும்பச் சேர்த்துக் கலைக்க வேண்டும், அது மட்டும் மறக்கக் கூடாது.

ஒன்று சொல்ல வேண்டும். உருவம் எதுவானாலும் பெயர் வையுங்கள். பெயர் வைத்த பட்டன் விழும்போது வருகிற வருத்தம், பெயரில்லாத அழகான பொம்மை விழும்போது வராது.

ஒரு மாலைக்கு ஒரு ஆட்டம்: உப்பு வண்டி

மேலே சொன்ன வழிகளில் பழக்கவரிசையையும் ஆரக்கிளையும் சேர்த்து நான் தைத்துக்கொண்ட சின்ன ஆட்டம் இது. அரை மணி நேரம் ஆகும்.

சதுரங்கப் பலகையை எடுங்கள். உப்பு வண்டி (ஒரு தீப்பெட்டி) முதல் வரிசையில் நடுவில். ஆறு மூட்டை உப்பு இருக்கிறது. கூடவே மூன்று காவலர்கள். எட்டாவது வரிசையைத் தாண்டி வண்டி வெளியேற வேண்டும். வண்டி முறைக்கு ஒரு கட்டம், காவலர் இரண்டு கட்டம்.

ஒவ்வொரு முறையும் பகடை உருட்டுங்கள். 1, 2 விழுந்தால் இடது ஓரத்தில் ஒரு கொள்ளையன். 5, 6 விழுந்தால் வலது ஓரத்தில். 3, 4 என்றால் காடு அமைதி. எந்த வரிசை என்பதற்கு இன்னொரு பகடை உருட்டி ஒன்றைக் கூட்டுங்கள். வண்டி வெளியேற எட்டு முறை ஆகும், எனவே சராசரியாக ஐந்து பேர் வருவார்கள்.

கொள்ளையன் பழக்கம்: பக்கத்தில் காவலர் இருந்தால் சண்டை. இல்லாவிட்டால் அருகில் இருப்பதை நோக்கி இரண்டு கட்டம். வண்டியா காவலரா என்று பார்க்க மாட்டான். காவலர் பக்கத்தில் இல்லாத வண்டியைத் தொட்டால் ஒரு மூட்டை போச்சு, அந்த முறை வண்டியும் நகராது.

சண்டை: இருவரும் பகடை உருட்டுங்கள், காவலருக்கு ஒன்று கூட்டு. குறைந்தவர் ஒரு கட்டம் பின்வாங்குவார். மூன்றோ அதற்கு மேலோ வித்தியாசம் என்றால் விழுந்தார். காவலர் ஜெயிக்க 36இல் 21 வாய்ப்பு, ஒரே அடியில் கொள்ளையனை வீழ்த்த 10. காவலர் விழ 3 மட்டும். நமக்குத்தான் சாதகம். ஆனால் பல கை மோதலில் அந்த மூன்று எப்போதாவது வரும்.

விதியில் இல்லாத எது வந்தாலும் ஆரக்கிளைக் கேளுங்கள். போன மாதம் நான் ஆடியபோது மூன்றாவது வரிசையில் ஒருவன் தோன்றினான். மற்ற இரண்டு கொள்ளையரும் எதிர்ப்பக்கம் இருந்தார்கள், இவன் மட்டும் தனியாக. "இவன் கொள்ளையன்தானா?" என்று கேட்டேன். 4. ஆம், ஆனால் ஒரு சிக்கல். நோட்டில் எழுதினேன்: காவலர் முத்தனின் ஊர்க்காரன், பஞ்சத்தில் ஊரைவிட்டுப் போனவன். இனி முத்தன் என்ன செய்வான்? விரட்டலாம், ஒரு மூட்டையைக் கொடுத்து அனுப்பலாம். கொடுக்க முடிவு செய்தேன். "வாங்கிக்கொண்டு போய்விடுவானா?" வாய்ப்பு அதிகம் என்று இரண்டு பகடை உருட்டினேன். 3, 2. பெரியது 3: இல்லை, ஆனால் ஒரு நல்லது. அவன் போகவில்லை. வண்டியோடு சேர்ந்து நடந்தான். மூட்டை ஒன்று குறைந்தது, நாலாவது காவலர் கிடைத்தார். இரண்டு முறை கழித்து அவன்தான் முதலில் விழுந்தான்.

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. பகடையும் எழுதவில்லை. இரண்டுக்கும் நடுவில் வந்தது.

யாரும் பார்க்காதபோது

எல்லோரும் கேட்கிற கேள்வி: "தனியா ஆடும்போது ஏமாத்தலாமே? யார் பார்க்கப் போறாங்க?" ஏமாற்றலாம்தான். அந்த ஊர்க்காரன் விழுந்தபோது கை தானாகப் பகடையை மறுபடி எடுக்கத்தான் போகும். இதில் ஒழுக்கப் பிரச்சினை எதுவும் இல்லை, விளையாட்டின் பிழைப்புப் பிரச்சினை இருக்கிறது. நடுவரின் நாற்காலியில் பகடையை உட்கார வைத்தோம். பிடிக்காத பதிலுக்கு மறுபடி உருட்டினால் அந்த நாற்காலியில் மீண்டும் நாமே உட்கார்ந்துவிடுகிறோம். அதன்பிறகு சீதைப்பாண்டிதான்: ஆட்டம் சுற்றி நம் ஆசைக்கே வந்து நிற்கும். பூக்கட்டிக் கேட்டுவிட்டு, விடை பிடிக்கவில்லை என்று மறுபடி கேட்கக் கூடாது என்பார்களே, அதே நியாயம்.

அதனால் நான் இரண்டு வழக்கம் வைத்திருக்கிறேன். உருட்டும் முன்பே கேள்வியை நோட்டில் எழுதிவிடுவது. எந்த விடையைத் தாங்க முடியாதோ அந்தக் கேள்வியைப் பகடையிடம் கேட்காமல் இருப்பது. இரண்டாவது முக்கியம். கதையில் ஒரு குழந்தை சாகக் கூடாது என்று நினைத்தால், அது சாகாது என்று நீங்களே முடிவு செய்துவிடுங்கள். அது ஏமாற்று ஆகாது. கேட்டுவிட்டு மறுப்பதுதான் ஏமாற்று.

நைட் ஷிஃப்ட் போகிறவர், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர், ஊரில் ஒத்த ரசனைக்காரர் ஒருவர்கூட இல்லாதவர், இவர்களுக்கெல்லாம் 'குழு சேரட்டும்' என்பது 'எப்போதும் வேண்டாம்' என்பதற்கு இன்னொரு பெயர். தனியாட்டத்தைக் குழுவாட்டத்துக்கு ஏழைத் தம்பியாக நான் பார்க்கவில்லை. நேரம் உங்களுடையது, பாதியில் நிறுத்தி அடுத்த வாரம் தொடரலாம், யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். மொழியும் உங்களுடையது. விதிப் புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும் மேசையில் நடப்பது தமிழில் நடக்கலாம். அயர்ன்ஸ்வார்னின் எழுத்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. ஆசிரியர் பெயரைக் குறிப்பிட்டு, லாப நோக்கமில்லாமல், அதே உரிமத்தில் தமிழில் பெயர்த்துப் பகிர அது இடம் தருகிறது. யாராவது செய்தால் நன்றாக இருக்கும்.

எங்கே தொடங்கலாம்

படிக்கப் பிடிக்கும் என்றால் எண் போட்ட பத்திப் புத்தகம் ஒன்று. வரைபடம் பிடிக்கும் என்றால் 'ஃபோர் அகெய்ன்ஸ்ட் டார்க்னஸ்'. பொம்மையும் தந்திரமும் பிடிக்கும் என்றால் 'சாங் ஆஃப் பிளேட்ஸ்', அல்லது 'ஒன் பேஜ் ரூல்ஸ்' இலவச விதிகள். எழுதப் பிடிக்கும் என்றால் 'அயர்ன்ஸ்வார்ன்'. எது என்று தெரியவில்லையா? உப்பு வண்டியை ஆடிப் பாருங்கள். கொள்ளையரை ஓநாயாக்குங்கள், வண்டியை ஆம்புலன்ஸாக்குங்கள், பலகையை மழை பெய்கிற மலைப்பாதை ஆக்குங்கள், விதி மாறாது.

ஆடி முடித்ததும் நோட்டில் மூன்று வரி எழுதி வையுங்கள்: யார் போனார்கள், யார் திரும்பினார்கள், எந்தக் கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. அந்த மூன்றாவது வரி இருந்தால் அடுத்த ஆட்டத்துக்கு நீங்கள் வருவீர்கள்.